வந்தவளுக்கு ஒரு கலர்

நம் மதுரைப் பக்கத்தில் விருந்தாளி வாசப்படி ஏறியதும் நடக்கிற முதல் காரியம் என்ன, சொல்லுங்கள்? வீட்டுப் பையன் கையில் காசைத் திணித்து, "ஓடிப் போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வாடா" என்று கடைக்கு விரட்டுவதுதான். வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிப் போகும். மேலூரில் இருக்கிற எங்கள் பெரியம்மா மாதிரி ஆட்கள் என்றால், "ஏந்தாயி, எங்க வீட்டுல ஒரு வாய் குடிக்க மாட்டியாக்கும்?" என்று வாய்விட்டே கேட்டுவிடுவார்கள்.

அந்த ஒரு கிளாஸ் கலர் என்னைப் படுத்திய பாட்டைத்தான் இந்த முறை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உடம்பைக் குறைக்கிற ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இப்போது நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். வெளியே சொல்லக் கூச்சப்படுகிறார்கள், அவ்வளவுதான். நானும் இரண்டு வருஷம் சொல்லாமல்தான் இருந்தேன்.

எனக்கு அப்போது எடை 108 கிலோ. முழங்கால் வலி, சர்க்கரை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். நடந்து பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன். குறைந்த எடை ஆறு மாதத்தில் வட்டியோடு திரும்பி வந்தது. கடைசியில் 'ஸ்லீவ்' என்கிற ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விட்டு வைக்கிறார்கள். அதில் ஒரு சின்ன டம்ளர் அளவுதான் கொள்ளும். அழகுக்காகச் செய்துகொண்டாள் என்று சொந்தத்தில் சிலர் பேசினார்கள். பேசட்டும். இன்று சர்க்கரை மாத்திரை இல்லாமல் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே டயட்டீஷியன் பெண் விரல் விட்டுச் சொன்னாள்: மெதுவாக மெல்லணும், சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, சோடா கலர் பக்கமே போகக் கூடாது. நான்தான் கடைசி விஷயத்தை அரைக் காதில் வாங்கினேன். கலரில் என்ன இருக்கிறது, வெறும் தண்ணீர்தானே என்ற நினைப்பு.

மூன்றாம் மாதம் பாண்டி கோயிலில் கொழுந்தனார் மகனுக்குக் காதுகுத்து. கிடா வெட்டி, பந்தியில் இலை போட்டாயிற்று. இரண்டே துண்டு கறிதான் வைத்துக்கொண்டேன். பேச்சு சுவாரஸ்யத்தில் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குழியில் கல் வைத்தாற்போல் அடைத்துக்கொண்டது. வாயில் எச்சில் ஊறுகிறது, பேச முடியவில்லை. உடனே சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள். "ஒரு சோடாவ ஒடைங்கப்பா! ஒரு ஏப்பம் வந்தா சரியாப் போகும்!" கோலி சோடா வந்தது. என் நாத்தனார் அன்போடு வாயில் ஊற்றினாள். நானும் நாலு மடக்கு குடித்தேன்.

அடுத்த அரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிறு சுருங்குகிறது. மார்புக்குள் யாரோ பலூன் ஊதுகிற மாதிரி வலி. முதுகு வரை இழுத்தது. ஏப்பம் மேலே வரவும் மாட்டேன் என்கிறது, கீழே இறங்கவும் மாட்டேன் என்கிறது. கடைசியில் கோயில் மரத்தடியில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்த பிறகுதான் உயிர் வந்தது. "மாரடைப்போ என்னமோ" என்று அண்ணன் ஆட்டோவுக்கு ஓடிவிட்டார்.

மறுநாள் டாக்டரம்மா படம் போட்டே விளக்கினார். இரைப்பையின் மேல்பக்கம் குடை மாதிரி ஒரு பாகம் உண்டு. விரிந்து கொடுப்பது அதன் குணம். நாம் சோடா குடித்தால் வாயு போய் அங்கேதான் தங்கும், பிறகு ஏப்பமாக வெளியேறும். ஸ்லீவ் ஆபரேஷனில் வெட்டி எடுப்பதே பெரும்பாலும் அந்தப் பாகத்தைத்தான். மிச்சமிருக்கிற குழாய் விரிந்து கொடுக்காது. இந்தப் பானங்களில் வாயு எவ்வளவு தெரியுமா? பானத்தின் அளவைப் போல சுமார் மூன்று மடங்கு! 200 மில்லி பாட்டிலில் 600 மில்லி வாயு கரைந்து கிடக்கிறது. வயிற்றுச் சூட்டில் அது விறுவிறுவென்று பிரிந்து வரும். டம்ளர் அளவு இடத்தில் அது எங்கே போகும்?

எனக்குக் கோலி சோடா பாட்டில்தான் ஞாபகம் வந்தது. 1872-இல் ஹிராம் காட் என்ற வெள்ளைக்காரர் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. அதில் மூடியும் கிடையாது, தக்கையும் கிடையாது. கோலிக்குண்டைக் கழுத்தில் அழுத்திப் பிடித்திருப்பதே உள்ளேயிருக்கிற வாயுதான். கட்டை விரலால் குத்தி உடைக்க எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது! அந்த பலத்தைத்தான் நான் தையல் போட்ட வயிற்றுக்குள் இறக்கியிருக்கிறேன்.

ஆகவே சகோதரிகளே, இந்த ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சாப்பாடு அடைத்துக்கொண்டால் சோடா ஊற்றாதீர்கள். தண்ணீரும் ஊற்றக் கூடாது. சாப்பாட்டை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, கொஞ்சம் நடந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும், இல்லாவிட்டால் வாந்தியாக வந்துவிடும். வலி நிற்காமல் இருந்தாலோ, காய்ச்சலோ படபடப்போ கூட இருந்தாலோ, குடித்த தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, கை வைத்தியம் பார்க்காமல் ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போக வேண்டும். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து கால் மரத்துப்போகும், புத்தியே தடுமாறும் என்றார் டாக்டரம்மா.

சரி, ஆயுசுக்கும் கலர் கிடையாதா? இதையும் கேட்டேன், வெட்கத்தை விட்டு. விருதுநகரில் 1916-இல் தொடங்கிய காளிமார்க் பொவண்டோவைக் குடித்து வளர்ந்த நாக்கு என்னுடையது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானம் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, நம்ம ஊர்க் கலருக்கு மவுசு வந்ததே என்று சந்தோஷப்பட்டவள்தான் நானும். ஆனால் வயிற்றுக்கு உள்ளூர் வெளியூர் தெரியாதே!

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். வாயு போனால் வெட்டின இரைப்பை மறுபடி பெரிதாகிவிடும் என்று பலர் பயமுறுத்துகிறார்கள், அதற்குத் தீர்மானமான சான்று கிடையாது. முதல் சில மாதம் கண்டிப்பாகக் கூடாது. அப்புறம் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்குக் கடைசி வரை ஒத்துக்கொள்ளாது. ஆனால் வாயுவை விடச் சர்க்கரைதான் பெரிய வில்லன். கோலா மாதிரிப் பானங்களில் 200 மில்லிக்குச் சுமார் 20 கிராம் சர்க்கரை, அதாவது ஐந்து டீஸ்பூன். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொல்லியிருக்கிறது. கஷ்டப்பட்டுச் சின்னதாக்கிய வயிற்றையும் திரவம் ஏமாற்றிவிட்டு வழுக்கிக்கொண்டு போய்விடும். பசியும் அடங்காது, எடையும் ஏறும்.

எங்கள் தெருவிலேயே இன்னொரு பெண் 'பைபாஸ்' முறையில் செய்துகொண்டவள். அவளுக்கு எனக்கு நேர்மாறு. வாயு தொந்தரவு செய்வதில்லை. ஆனால் இனிப்பாக எது போனாலும் குடல் திணறி, கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, படபடத்து, படுக்க வேண்டியதாகிவிடுகிறது. வாயு இல்லையே என்று ஒரு நாள் ஜிகர்தண்டா குடித்தாள். அன்று சாயங்காலம் முழுக்கக் கட்டில்தான். இப்படிப்பட்ட பெண்கள் கர்ப்பமானால், 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லிப் பார்க்கிறார்களே, அந்தப் பரிசோதனைக்கு முன்பே ஆபரேஷன் விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வேறு வழியில் சர்க்கரையைப் பார்ப்பார்கள். ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வதும் உண்டு. மாமியாரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைக் கண்ணில் படுகிற மாதிரி மடித்து வையுங்கள்!

எனக்குப் பதினாலாம் மாதம் அனுமதி கிடைத்தது. பன்னீர் சோடாவைக் கிளாஸில் ஊற்றி, ஸ்பூனால் ஆற்று ஆற்றென்று ஆற்றி, நுரையெல்லாம் அடங்கிய பிறகு மூன்று வாய் குடித்தேன். ஒன்றும் செய்யவில்லை. தைரியம் வந்து, அடுத்த வாரம் ஆற்றாமல் குடித்தேன். ராத்திரி முழுக்க நெஞ்செரிச்சல், இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தபடியே விடிந்தது. வாயு போன கலரோ, உண்மையைச் சொன்னால், வெறும் சர்க்கரைத் தண்ணீர். அதற்காக இவ்வளவு ஏங்கினேனா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் நம் ஊர் வெயிலுக்குத் தொண்டை நனைக்காமல் முடியுமா? மடமடவென்று குடிக்கவும் வழியில்லை. இப்போது எந்நேரமும் பையில் ஒரு பாட்டில் சீரகத் தண்ணீர். பத்து நிமிஷத்துக்கு ஒரு வாய் என்று ஒரு நாளில் ஒன்றரை, இரண்டு லிட்டர் உள்ளே போய்விட வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தொடுவேன். இன்னொன்று மோர். நீர்க்கக் கடைந்து, உப்பு, பெருங்காயம், நசுக்கின கறிவேப்பிலை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போட்டிருப்பார்களே, அரை டம்ளரை வாங்கிக்கொண்டு நான் கால் மணி நேரம் குடிப்பதைப் பார்த்து ஊற்றுகிற பையன், "அக்கா, புளிக்குதா?" என்றான்.

பெரியம்மாவிடம் மட்டும் எப்படிச் சொல்வது என்று ரொம்ப நாள் தவித்தேன். போன மாதம் போனபோது வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொன்னேன், கோலிக்குண்டு கதை உட்பட. வாயில் கை வைத்துக் கேட்டவள், "இம்புட்டு நாளும் ஏந்தாயி சொல்லல?" என்று தெருவுக்கு ஓடினாள். கடைக்குக் கிளம்பிய பேரன் பாதி வழி போயிருந்தான். "டேய், ஒரு கலர் போதும்டா, ஒனக்கு மட்டும்!" என்று கத்திவிட்டு, உள்ளே வந்து மத்தை எடுத்தாள்.