மிக்ஸி இருக்கு, கொல்லை எங்கே?

பப்பாளியும் கீரையும் சேர்த்து அடிச்சு ‘ஸ்மூத்தி’ன்னு டவுன்ல விக்கிறாங்க. நமக்கு அது கொல்லைச் சரக்குங்க. பழுத்த பப்பாளி நாலு துண்டு, ஒரு பூவன்பழம், ஆய்ந்து கழுவின முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, கொஞ்சம் தண்ணி. மிக்ஸியில ஓட்டி எலுமிச்சை பிழியுங்க. கீரையோட இரும்புச்சத்து உடம்புல சேர பழத்தோட வைட்டமின் சி உதவும். வடிகட்டாதீங்க, நார்ச்சத்து போயிடும்.

ஆனா, கொல்லை இருந்தாத்தானே? 2023 ஜூலையில வளையமாதேவியில பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, நின்ன நெற்பயிர் மேலேயே பொக்லைன் இறங்கிச்சு. அறுவடை வரைக்கும்கூட பொறுக்கலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இரும்புச்சத்து மாத்திரை குடுக்கிற அரசாங்கம், முருங்கை நிக்கிற மண்ணை மட்டும் சுரங்கத்துக்குக் கேக்குது. இழப்பீட்டுக் காசுல மிக்ஸி வாங்கலாம். கொல்லையை எந்தக் கடையில வாங்குறது?