வாய்க்குப் பூட்டுப் போட்டது யார்?



"பிழைக்க வந்த ஊர், வாயை மூடிக்கொண்டு நாலு காசு சேர்!" என்று நமக்கு நாமே உபதேசம் செய்துகொள்கிறோம். தாராவித் தோல் கிடங்கிலும், விடியுமுன் இட்லிக் கூடையோடு தெருத்தெருவாகவும், ரயில்வேயில் மூட்டையோடும் கோப்போடும் மூன்று தலைமுறை உழைத்தோம். வயிறு ஓரளவு நிறைந்தது. வாய்? பூட்டியே கிடக்கிறது! நல்வாழ்வு என்பது சோறும் கூரையும் மட்டும்தானா? கூண்டுக் கிளிக்கும் அவை உண்டே!

நாம் குடியேறிய மண் ஊமை மண் அல்ல. 1848-ல் புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். பாடம் சொல்லப் போன சாவித்திரிபாய் மீது சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள், அவர் நிற்கவில்லை. அம்பேத்கர் தம் நூல்களுக்கும் இடம் வைத்து தாதரில் கட்டிய 'ராஜகிருகம்' தாராவியிலிருந்து நடக்கும் தூரம். 1925-ல் ஈரோட்டில் 'குடிஅரசு' ஏட்டைத் தொடங்கிய பெரியார், தாம் சொல்வதையும் ஆராய்ந்தே ஏற்கச் சொன்னவர்.

இவர்கள் படமெல்லாம் நம் சங்கச் சுவரில் தொங்குகின்றன. அந்தப் படங்களின் கீழேதான், சென்ற கூட்டத்தில் ஒரு தங்கை எழுந்து விழா வசூலுக்குக் கணக்குக் கேட்டாள். "பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு?" என்று ஒரு பெரியவர் அடக்கினார். கூட்டம் சிரித்தது. மேடையிலிருந்த நாமும் சிரித்தோம்! சேறு வீசியவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஆராயும் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தில் எழுதியது 1976-ல். அது நெருக்கடி நிலைக் காலம்! ஏட்டில் கேள்வி கேட்கச் சொல்லிவிட்டு, நாட்டில் கேட்டவரைச் சிறையில் வைத்தார்கள். சுவரில் பெரியார், சபையில் பூட்டு என்றால் நாமும் அதே வேலையைத்தானே செய்கிறோம்?

கைபேசியில் வந்ததைப் படிக்காமலே பத்துப் பேருக்குத் தள்ளிவிடுவது கருத்துப் பரிமாற்றம் ஆகாது. எதிரே இருப்பவர் "ஏன்?" என்றால் பதில் சொல்ல வேண்டும், பதில் இல்லையென்றால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே, இனி ஞாயிறுதோறும் மாலை 5 மணிக்குப் படிப்பகத்தில் பாய் விரிப்போம். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கட்டும். எழுத்தறியாதவரும் கேட்கட்டும், எதிர்த்தும் பேசட்டும். முதல் கேள்வி பெண்களுடையது. தேநீர் போடுவது ஆண்கள்.

முதல் ஞாயிறன்று விழா வசூல் கணக்கு, காசு விடாமல், சுவரில் ஒட்டப்படும்.

தங்கையே, வந்து கேள்! இம்முறை சிரிக்க மாட்டோம். பதில் சொல்வோம்.