எண்களுக்கு உருவம் கொடுப்பவர் யார்?

ரயில்வே கட்டுப்பாட்டு அறையில் ஒரு படம் உண்டு. குறுக்குவாட்டில் மணிக்கணக்கு, நெடுக ஸ்டேஷன்களின் பெயர்கள். ஓடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. கோடு நிமிர்ந்து நின்றால் வண்டி வேகமாக ஓடுகிறது. படுத்துக் கிடந்தால் வண்டி எங்கோ நின்று கொண்டிருக்கிறது. இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டால் அந்த இடத்தில், அந்த நேரத்தில் இரண்டு வண்டிகள் சந்திக்கின்றன அல்லது ஒன்றை ஒன்று முந்துகிறது. முன்பு பென்சிலும் ஸ்கேலும் கொண்டு வரைந்தார்கள். இன்று கம்ப்யூட்டர் வரைகிறது. ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் பாயிண்ட்ஸ்மேன் கூட அதைப் படித்துவிடுவார். அதில் பொய்க்கு இடமில்லை. பொய்யாக வரைந்தால் வண்டிகள் மோதும்.

நாட்டின் புள்ளிவிவரங்களைப் படமாக வரைந்து நம் முன் வைப்பவர்களுக்கு இந்த அச்சம் கிடையாது. அவர்கள் தவறாக வரைந்தால் மோதிக்கொள்வது வண்டிகள் அல்ல, மனிதர்கள்.

இது மிகையான பேச்சு அல்ல. 1960களில் பம்பாயில் ‘மார்மிக்’ என்ற கேலிச்சித்திர வார இதழ், பெரிய பதவிகளில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. அந்தப் பெயர்கள் மெய்யானவையே. ஆனால் மூட்டை சுமந்தவர்களும், தோல் பதனிட்டவர்களும், இட்லி விற்றவர்களும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. எதைக் காட்டினார்கள் என்பதைவிட எதை விட்டார்கள் என்பதே அந்தப் பட்டியலின் சூட்சுமம். அதன் விளைவை அனுபவித்தவர்கள் பதவிக்காரர்கள் மட்டுமல்ல, தெருவோரத்துக் கடைக்காரர்களும்தான்.

இதற்கு நேர் எதிரான முயற்சி ஒன்றும் வரலாற்றில் உண்டு. 1925இல் வியன்னா நகரில், சமூக ஜனநாயகக் கட்சியின் நகராட்சி நடந்த காலத்தில், ஓட்டோ நியூராத் என்ற அறிஞர் ஒரு காட்சியகம் தொடங்கினார். வீட்டு வசதி, குழந்தை மரணம், வேலையின்மை ஆகிய கணக்குகளைத் தொழிலாளிக்குப் புரியும்படி படங்களாக வைத்தார். கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் எளிய உருவங்களைச் செதுக்கித் தந்தார். பின்னாளில் ‘ஐசோடைப்’ என்று பெயர் பெற்றது இந்த முறைதான். 1934இல் வியன்னாவில் சமூக ஜனநாயகத்தை நசுக்கிய ஆட்சி வந்ததும் நியூராத் ஹாலந்துக்குப் போக நேர்ந்தது.

அவர் முறையின் உயிர்நாடி ஒரே விதி: தொகை பெரிதானால் உருவத்தைப் பெரிதாக்காதே, உருவங்களின் எண்ணிக்கையைக் கூட்டு. காரணம் எளிது. ஒரு மனித உருவத்தை இரண்டு மடங்கு உயரமாக வரைந்தால் அகலமும் இரண்டு மடங்காகும். காகிதத்தில் அது அடைக்கும் இடம் நான்கு மடங்காகிவிடும். இரண்டு என்பதைச் சொல்லிக்கொண்டே நான்கைக் காட்டிவிடலாம். கண் ஏமாறும், கணக்கு ஏமாறாது.

இந்த விதியை நம் விஷயத்தில் போட்டுப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிர மாநில மக்கள் 11 கோடியே 24 லட்சம் பேர். தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். லட்சத்துக்கு ஓர் உருவம் என்று வரைந்தால் தாளில் 1,124 உருவங்கள். அவற்றில் நம்முடையவை ஐந்து! ‘வெள்ளமாக வந்து விழுங்கிவிட்டார்கள்’ என்ற பேச்சுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

வேண்டும், தோழர்களே. இதில் நம் பக்கத்து நேர்மையும் சோதிக்கப்படுகிறது. அந்த ஐந்து லட்சத்தில் பெரும்பகுதியினர் மும்பை, தாணே, பூனா வட்டாரங்களில்தான் வாழ்கிறார்கள். மாநிலம் முழுவதற்குமான படத்தை மட்டும் காட்டி நகரத்தின் படத்தை மறைத்தால், நாமும் ‘மார்மிக்’ செய்ததையே செய்தவர்களாவோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே நியாயம். நம் வாதம் உண்மையைத் தாங்கும் வலுவுள்ளதுதான்.

‘இந்தியாவில் 45 கோடிப் பேர் இடம்பெயர்ந்தவர்கள்’ என்று ஒரு பெரிய தடித்த அம்பை வரைகிறார்கள். 2011 கணக்கில் தொகை சரியே. ஆனால் அதில் மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள் ஐந்து கோடிக்குச் சற்று மேல்தான். ஏறத்தாழ பாதிப்பேர் திருமணத்தால் ஊர் மாறியவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பிழைப்புத் தேடிப் போனவர்கள் பத்தில் ஒருவர் அளவே. பக்கத்து ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்ணையும், தாதர் ஸ்டேஷனில் டிரங்குப் பெட்டியுடன் இறங்கியவரையும் ஒரே அம்பில் கட்டினால் அந்தப் படம் யாருக்கு உதவும்?

மொழிக் கணக்கும் அப்படியே. 2011இல் இந்தி பேசுவோர் 52 கோடியே 83 லட்சம் என்று ஒரே உயரமான தூணாக நிறுத்துகிறார்கள். அந்தத் தூணுக்குள் எட்டிப் பார்த்தால், இந்தியே தாய்மொழி என்றவர்கள் 32 கோடியே 22 லட்சம். மீதியில் போஜ்புரி 5 கோடிக்கு மேல், ராஜஸ்தானி இரண்டரைக் கோடிக்கு மேல், சத்தீஸ்கரி ஒன்றரைக் கோடிக்கு மேல். இவற்றைத் தனித்தனி நிறத்தில் காட்டினால் தூணின் உயரம் குறையாது; ஆனால் பார்ப்பவன் மனத்தில் எழும் எண்ணம் மாறும். தமிழ் என்ற தலைப்பின் கீழும் கைகாடி, எருகுலா போன்ற சிறு மொழிகள் அடக்கப்பட்டுள்ளன என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு ஒரு நீதி, பிறர்க்கு ஒரு நீதி கூடாது.

தேசப்படத்துக்கு நிறம் தீட்டுவதிலும் இதே கோளாறு. 83,743 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அருணாசலப் பிரதேசத்தில் 2011இல் இருந்தவர்கள் 14 லட்சத்துக்கும் குறைவு. 1,483 சதுர கிலோமீட்டர் டில்லியில் 1 கோடியே 68 லட்சம் பேர். படத்தில் முன்னது பெரிய வண்ணத் திட்டு, பின்னது ஒரு பொட்டு. நிறம் நிலத்தின் மேல் பூசப்படுகிறது. வாழ்வது மனிதர்கள் அல்லவா?

1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்த கணக்கெடுப்பு 2021இல் நடக்கவில்லை. 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு, சாதிவாரிக் கணக்கையும் சேர்த்து எடுப்பது என்று 2025இல் அறிவிக்கப்பட்டது. அந்த எண்களைக் கொண்டு தொகுதிகள், நிதி, இட ஒதுக்கீடு என எத்தனையோ வழக்குகள் பேசப்படும். படம் வரைபவர்களுக்குப் பஞ்சமிருக்காது.

எனவே நம் வேலை இரண்டு. முதலாவது, கணக்கெடுப்பவர் தாய்மொழியைக் கேட்கும்போது தமிழ் என்று சொல்லி, அப்படியே பதிவானதா என்று பார்த்துக்கொள்வது. பிள்ளைகள் மராத்தியில் படிக்கலாம், இந்தியில் விளையாடலாம். தாய்மொழி வேறு விஷயம். இரண்டாவது, அரசு வெளியிடும் ஒவ்வொரு படத்திடமும் மூன்று கேள்விகள் கேட்பது: ஓர் உருவம் எத்தனை பேர்? யார் யார் ஒன்றாகக் கட்டப்பட்டார்கள்? யார் விடுபட்டார்கள்?

சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் அந்த 1,124 உருவங்களை வரைந்து ஒட்ட இளைஞர்கள் முன்வர வேண்டும். தலைப்பு தமிழிலும் மராத்தியிலும் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரரும் வந்து எண்ணிப் பார்க்கட்டும்.