இலவசம் என்பதற்காக எடுக்காதீர்கள்

நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்குத் தம்பானூரைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே பஸ் ஸ்டாண்டு. ரயிலை விட்டால் ரோட்டைக் கடந்து பஸ் பிடித்து ஊர் போய்ச் சேரலாம். எங்கள் பிழைப்பில் இதற்குத்தான் 'ஃபெயில்ஓவர்' என்று பெரிய பெயர். ஒரு சர்வர் படுத்தால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பெருமழை பெய்தால் தம்பானூரில் இரண்டு இடத்திலும் தண்ணீர்தான். வடிகால் ஆக்கிரமிப்புகளை அகற்ற 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்று அரசாங்கமே இறங்கவேண்டி வந்தது. ஒரே மின் இணைப்பில் இரண்டு சர்வரையும் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த வேலைக்குக் கட்டற்ற மென்பொருள்களுக்குப் பஞ்சமில்லை. பேஸ்மேக்கர், கோரோசிங்க், கீப்அலைவ்டு, டிஸ்கை நகலெடுக்க டிஆர்பிடி (2010 முதல் லினக்ஸ் கெர்னலிலேயே இருக்கிறது). பலரும் இவற்றை எடுப்பது காசு மிச்சம் என்று. என்னைக் கேட்டால் அது கடைசிக் காரணம். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடங்கியதும் இதே திருவனந்தபுரத்தில்தான். ஸ்டால்மன் ஆரம்பத்திலிருந்தே சொல்வது விலையை அல்ல, சுதந்திரத்தை.

அந்தச் சுதந்திரம் இங்கே எதற்கு உதவும்? லைசென்ஸ் கணக்குப் பார்க்காமல், அதே ஏற்பாட்டை இரண்டு பழைய கணினிகளில் இன்னொரு முறை போட்டு, வயரைப் பிடுங்கிப் பார்க்கலாம். அதைச் செய்யாதவருக்கு இலவசமும் ஒன்றுதான், லட்ச ரூபாய்ச் சரக்கும் ஒன்றுதான்.

ஏனென்றால் ஆபத்து சர்வர் சாவதில் இல்லை. நடுவில் வயர் மட்டும் போய், இரண்டும் உயிரோடு இருந்துகொண்டு, 'அவன் செத்துவிட்டான்' என்று ஒன்றையொன்று நினைப்பதில்தான் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாகக் கணக்கு எழுதும். பிறகு எது சரியான கணக்கு? இதைத் தடுக்கவே 'ஸ்டோனித்' என்ற ஏற்பாடு: பொறுப்பை எடுக்கும் முன் மற்றதன் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அமைப்பது சிரமம் என்று பலர் இதை அணைத்து வைத்துவிடுகிறார்கள்!

2018 அக்டோபரில் கிட்ஹப் தளத்தில் இணைப்பு அறுந்தது வெறும் 43 விநாடி. தானியங்கி ஏற்பாடு தரவுத்தளப் பொறுப்பை அமெரிக்காவின் மறுகரைக்கு மாற்றிவிட்டது. இரண்டு கரையிலும் மற்றதில் இல்லாத பதிவுகள். சரிசெய்ய 24 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை பெரிய ஆட்களுக்கே இந்தக் கதி.

எனவே என் சிபாரிசு இதுதான். முகவரி மட்டும் மாறினால் போதுமென்றால் கீப்அலைவ்டு. பணமும் கணக்கும் இருக்கிறதென்றால் பேஸ்மேக்கர், ஆனால் ஸ்டோனித்தோடும், யாருக்குப் பெரும்பான்மை என்று சொல்ல மூன்றாவது ஓட்டோடும். ராத்திரியில் எழுந்து பார்க்க இதெல்லாம் தெரிந்த ஆள் இல்லையா? தானாக மாறவே விடாதீர்கள். ஒரு மனிதர் பார்த்து, பத்து நிமிடம் தாமதமாக மாற்றினாலும் பரவாயில்லை. கணக்காவது ஒழுங்காக இருக்கும் :-)