எல்லைக்கு இப்பால் பிறந்த பாவலர்

1955ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹரிச்சந்திரா’ என்னும் மலையாளத் திரைப்படத்தில், சுடலை காக்கும் நிலைக்குத் தாழ்ந்த மன்னன் பாடும் பாடல் ஒன்று உண்டு. அரசனும் ஆண்டியும் ஒரே மண்ணாகும் இடத்தில் நின்று, ஆன்மா அங்குப் பயிலும் பாடத்தை அது சொல்கிறது. மூன்று தலைமுறைக் கேரள மக்கள் அதை நெஞ்சில் வைத்துள்ளனர். எழுதியவர் திருநயினார்குறிச்சி மாதவன் நாயர். பாடியவர் கமுகறை புருஷோத்தமன். திரையில் அரிச்சந்திரனாக நின்றவர் திக்குறிச்சி சுகுமாரன் நாயர். படத்தை எடுத்தவர் மெரிலாண்ட் அதிபர் பி. சுப்பிரமணியம்.

இந்நால்வரும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மண்ணில் பிறந்தவர்கள். திருநயினார்குறிச்சி, தக்கலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்குளம் வட்டத்து ஊர். கமுகறையார் பிறந்தது ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்ட திருவட்டாறு. திக்குறிச்சி, சிவாலய ஓட்டத்தில் அடியார்கள் முஞ்சிறையை அடுத்து ஓடிச்சேரும் தலம். சுப்பிரமணியம் நாகர்கோவிலில் பிறந்து, திருவனந்தபுரத்தை அடுத்த நேமத்தில் 1951இல் மெரிலாண்ட் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவியவர். மலையாளத் திரையுலகின் இளமைக் காலத்தை இவர்களை விட்டுவிட்டு எழுத இயலாது. ஆயினும் இம்மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு இப்பெயர்கள் தெரியும்? நால்வருள்ளும் மிகுதியாக மறக்கப்பட்டவர் அப்பாடலை எழுதிய பாவலரே. அவரைக் குறித்தே இன்று எழுதுகிறோம்.

மாதவன் நாயர் 1916இல் பிறந்தார். 1965இல், ஐம்பது வயது நிறையுமுன் மறைந்தார். திருவனந்தபுரம் வானொலி நிலையத்தில் பணியாற்றியவாறே மெரிலாண்ட் படங்களுக்குப் பாட்டெழுதினார். இசையமைத்தவர் பெரும்பாலும் பிரதர் லட்சுமணன். ‘பாடாத்த பைங்கிளி’, ‘ஜெயில்ப்புள்ளி’, தகழி சிவசங்கரப் பிள்ளையின் புதினத்திலிருந்து உருவான ‘ரண்டிடங்ஙழி’, 1961இல் வந்த ‘பக்த குசேலா’ என அவர் எழுத்து ஒரு பத்தாண்டுக் காலத்தை நிறைத்தது.

அக்காலத்தில் மலையாளப் பாடலாசிரியர் பணி எளிதாக இருந்ததில்லை. இந்தியிலும் தமிழிலும் புகழ்பெற்ற மெட்டுகளை அப்படியே எடுத்து, அவற்றுக்கேற்ற சொற்களைக் கேட்பதே வழக்கமாயிருந்தது. வேறொரு மொழியின் மூச்சுக்கு அளந்து செய்த சட்டகத்துள் தன் மொழியின் உயிரைக் குடியேற்ற வேண்டும், குறிலும் நெடிலும் மெட்டின் வழியே நடக்க வேண்டும், பொருளும் சிதையலாகாது. இக்கட்டுக்குள் நின்றுதான் அவர் பத்திப் பாடலையும் தத்துவப் பாடலையும் எளிய மாந்தரும் முணுமுணுக்கும் வண்ணம் ஆக்கினார். பண்டிதர் அவையில் ஏற்றம்பெறும் கவிதை ஒருவகை. இறப்பு வீட்டில் ஆறுதலாக ஒலிக்கும் பாட்டு வேறொருவகை. பின்னதை எழுத வல்லவர் மிகச் சிலரே. அச்சிலருள் அவர் ஒருவர் என்பது நம் துணிபு.

இந்தித் திரையுலகிலும் பாடகர் பெயர் நிலைக்க, பாடலாசிரியர் பெயர் மறைவது நெடுநாள் வழக்கம். பாடலாசிரியர் சாகிர் லூதியான்வி அதை எதிர்த்து நின்றார். பாடலை ஒலிபரப்பும் வானொலி அதை எழுதியவன் பெயரையும் சொல்ல வேண்டும் என வாதாடி வென்றார். லூதியானாவைத் தம் பெயரில் சுமந்தவர் அவர். சுல்தான்பூரைச் சுமந்தவர் மற்றோர் இந்திப் பாடலாசிரியரான மஜ்ரூஹ் சுல்தான்பூரி. நம் மாதவன் நாயரும் தம் சிற்றூரை வாழ்நாள் முழுதும் பெயரின் முன்னே சுமந்தார். ஊர்தான் அவரைச் சுமக்கவில்லை.

இதற்கொரு வரலாற்றுக் காரணம் உண்டு. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணையக் கோரிய போராட்டத்தில், 1954 ஆகஸ்டு 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலரின் துப்பாக்கிக் குண்டுக்குத் தமிழர் உயிர் பலியாயிற்று. மார்ஷல் நேசமணி தலைமையில் இம்மக்கள் பட்ட துயரின் பயனாகவே, 1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகத்தீசுவரமும் தமிழகத்தோடு இணைந்தன. அந்தக் குருதியின் நினைவை நாம் எந்நாளும் குறைத்து மதியோம். அப்போராட்டம் ஓர் ஆட்சியின் கொடுமைக்கு எதிரானது. அண்டை வீட்டுக்காரன் பாடிய பாட்டுக்கு எதிரானது அன்று. புண் ஆறாத காலத்தில் மலையாளப் பாவலனைத் தமிழ்நிலம் கொண்டாடாதது இயல்பு. இத்தனை பதிற்றாண்டுகள் கழிந்த பின்னும் அது தொடர்வதற்கு நியாயம் இல்லை.

எல்லைக்கு அப்பாலும் நிலைமை சீராக இருந்ததில்லை. மலையாளத் திரையின் தந்தை எனப் போற்றப்படும் ஜே.சி. டேனியல் அகத்தீசுவரத்தில் பிறந்து, 1975இல் அங்கேயே வறுமையில் மறைந்தார். அவர் தமிழ்நாட்டில் வாழ்பவர் எனக் காரணம் காட்டி, கேரளம் அவருக்கு உதவித்தொகை தர மறுத்தது. பின்னர் அவர் பெயராலேயே உயரிய விருதை நிறுவியது. இரு மாநிலங்களும் ‘அவர் உங்களவர்’ என்று ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டிருக்க, இடையில் மனிதர்கள் வீழ்ந்துபோயினர்.

தக்கலை இத்தகைய பாகுபாட்டுக்கு இடம் தந்த ஊர் அன்று. சூஃபி ஞானி பீர் முகம்மது அப்பாவின் ஞானப் பாடல்களை அவர் அடங்கிய தலத்தில் இராமுழுதும் ஓதிவரும் ஊர் இது. அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைத் தமிழ்மண்ணில் வைத்துக்கொண்டே கேரளத் தொல்லியல் துறை பேணிவருகிறது. கல்லையும் மரத்தையும் இரு மாநிலங்களும் இவ்வளவு பொறுப்புடன் பங்கிட்டுக்கொள்ள முடிந்ததே. பாட்டையும் அவ்வாறு பகிர்ந்துகொள்வதற்கு என்ன தடை? தேரூர் தந்த கவிமணி, பாரசீகத்து உமர் கய்யாமையே தமிழில் பாடவைத்தவர். கூப்பிடு தூரத்தில் வாழ்ந்த ஒருவரின் பாடல்களைத் தமிழ்ப்படுத்த அவர் வழிவந்தோரால் இயலாதா?

ஆகவே சிலவற்றை வேண்டுகிறோம். திருநயினார்குறிச்சியில் இப்பாவலருக்கு ஒரு நினைவு நூலகம் அமைய வேண்டும். பெயர்ப்பலகை இரு மொழியிலும் இருக்கட்டும். தேர்ந்தெடுத்த பாடல்கள் மலையாள மூலமும் தமிழாக்கமும் எதிரெதிர்ப் பக்கத்தில் அமைய ஒரு நூலாக வரட்டும். மாவட்டத்து மலையாளவழிப் பள்ளி ஆசிரியர்களும் தமிழாசிரியர்களும் கூடிச் செய்யத்தக்க பணி அது. கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், பழைய இசைத்தட்டுகள் ஆகியவை வீட்டுப் பரண்களில் கரையானுக்கு இரையாகுமுன் திரட்டப்பட வேண்டும். மெரிலாண்ட் படங்கள் வெளிவந்த நாளில் அவற்றைக் கொட்டகையில் கண்டவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அவர்களிடம் கேட்டு எழுதும் வேலையை இந்த ஆண்டே தொடங்கியாக வேண்டும்.