சந்து சும்மா கிடக்கிறதா?

பனமரத்துப்பட்டி ஆனாலும் சரி, சேலம் செவ்வாய்ப்பேட்டை ஆனாலும் சரி, கடை பெருத்தால் முதலாளியின் கண் பக்கத்துச் சந்து மேல்தான் விழும். "சும்மாதானே கிடக்குது? சேர்த்துக் குடுத்தா நாலு பேருக்கு வேலை கிடைக்குமே!" என்பார்கள்.

சும்மாவா கிடக்கிறது? பால்காரர் சைக்கிள் போவதும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போவதும், பாடை போவதும் அந்த வழிதான்.

தெருவுக்குப் பேரூராட்சி காவல்காரன், சொந்தக்காரன் அல்ல. ரூர்க்கி பக்கம் மங்க்லௌர் நகராட்சி, ரோட்டோர இடத்தில் காந்தி சிலையும், அதன் இருபுறம் தண்ணீர்ப் பந்தலும் படிப்பகமும் கட்டக் கிளம்பியது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. ரோட்டைப் பராமரிக்கும் உரிமைதான் நகராட்சிக்கு, அடிமண் அதனுடையது அல்ல என்று 1960-களிலேயே தீர்ப்பாகிவிட்டது. காந்தி சிலைக்கே இந்தக் கதி. தனியார் குடோனுக்கு மட்டும் தெரு கிடைக்குமா?

வேலை கிடைக்கும் என்ற பேச்சை அமெரிக்காவும் பார்த்துவிட்டது. டெட்ராய்ட் நகரில் ஒரு கார் கம்பெனிக்காக, வீடும் தெருவுமாக ஒரு பேட்டையையே காலி செய்ய 1981-ல் மிச்சிகன் மாநில சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது. அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே கோர்ட்டு 2004-ல் சொன்னது. அதற்குள் பேட்டையே இல்லை!

வியாபாரம் வளரட்டும், யார் வேண்டாம் என்றது? அதே அகலத்தில் மாற்றுவழி போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசட்டும்.

சந்தில் திடீரென்று கல் நட்டால் சும்மா இருக்க வேண்டாம். 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி நில அளவை வரைபடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்து, மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.