பி.காம் சேர்க்கை: மூணு வருஷமா, நாலு வருஷமா?

கொல்கத்தா அலிப்பூரில் குடும்பத்தோடு இருக்கீங்க, தங்கை பிளஸ் டூ முடிச்சு அக்கவுண்டன்சி படிக்கணும்னு சொல்றாங்கன்னு வைங்க. மார்க் போதுமாங்கிறதுதான் வீட்டில் முதல் கேள்வியா இருக்கும். எத்தனை வருஷப் படிப்பு என்பதும் அதே அளவு முக்கியம்.

எப்படிச் சேர்வது?

மேற்கு வங்கத்தில் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கு 2024 முதல் ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பவ்பஜாரில் உள்ள கோயங்கா வணிகவியல் கல்லூரியும் அரசுக் கல்லூரிதான். பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. செயின்ட் சேவியர்ஸ் போன்ற சிறுபான்மைக் கல்லூரிகளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

எத்தனை வருஷம்?

கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 2023 முதல் ஹானர்ஸ் 4 ஆண்டுகள். 3 ஆண்டுப் படிப்பும் உண்டு. தமிழ்நாட்டில் பி.காம் இன்னும் 3 ஆண்டுகள்தான்.

சி.ஏ. ஆக எது தேவை?

பிளஸ் டூ முடித்தவர்கள், எந்தப் பிரிவாக இருந்தாலும், பவுண்டேஷன் தேர்வு எழுதலாம். டிகிரி கட்டாயமில்லை. டிகிரி முடித்துவிட்டு நேரடியாக இன்டர்மீடியட்டில் சேர வணிகவியல் பட்டதாரிக்கு 55%, மற்றவர்களுக்கு 60% மதிப்பெண் வேண்டும். பிறகு 2 ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப்.

ஆக, இலக்கு சி.ஏ. மட்டும்தான் என்றால் நாலாவது வருஷம் அவசியமில்லை. அந்த வருஷ ஃபீஸும் மிச்சம். ஓராண்டு முதுகலையோ பிஎச்.டி.யோ மனசில் இருந்தால் ஹானர்ஸ் கைகொடுக்கும். விண்ணப்பத்தில் கல்லூரியைத் தேர்வு செய்யும் முன்பே தங்கையிடம் இதைப் பேசிடுங்க.